சில்லுகள் சிறுக்கச் சிறுக்கக் கதிர்வீச்சுப் பிழைகள் பெருகுகின்றனவா?

2025 நவம்பர் 28 அன்று, ஏ320 குடும்ப விமானங்களின் பறப்புக் கட்டுப்பாட்டுக்குத் தேவையான தரவைக் கடுமையான சூரியக் கதிர்வீச்சு சிதைக்கக்கூடும் என்று ஏர்பஸ் நிறுவனம் அறிவித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 30 அன்று, அந்த வகை விமானம் ஒன்று விமானியின் கட்டளை இல்லாமலே மூக்கைத் தாழ்த்தி இறங்கத் தொடங்கியிருந்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களில் உடனடித் திருத்தம் தேவைப்பட்டது. செய்தியைப் படித்த பலருக்கும் இயல்பாக எழுந்த கேள்வி இதுதான்: மின்னணுச் சில்லுகள் அளவுக்கு மீறிச் சிறுத்துவிட்டதால்தான் ஒற்றைத் துகள்கூட அவற்றைக் குலைக்க முடிகிறதா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை “ஆம்” என்பது. அது பாதி சரி. சிறுத்தலால் சில பிழைகள் பெருகின, சில குறைந்தன, சிலவற்றின் தன்மையே மாறியது. ஒரு பிட்டைப் பற்றிக் கேட்கிறோமா, ஒரு சில்லைப் பற்றியா, ஒரு முழு அமைப்பைப் பற்றியா என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் செய்திகளைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

ஒரு பிட் எப்படிப் புரள்கிறது

நினைவகத்தில் 0 அல்லது 1 என்பது, ஒரு நுண்ணிய கணுவில் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று சிலிக்கானை ஊடுருவும்போது, தன் பாதை நெடுக எலக்ட்ரான்–துளை இணைகளை உண்டாக்கிக்கொண்டே செல்கிறது (எலக்ட்ரான் விலகியதால் உண்டாகும் நேர்மின் வெற்றிடமே துளை). சிலிக்கானில் ஓர் இணையை உருவாக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். எனவே 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் ஆல்ஃபா துகள், நின்றுபோவதற்குள் ஏறத்தாழ 14 லட்சம் இணைகளை விட்டுச்செல்லும். மின்னூட்டக் கணக்கில் இது 220 ஃபெம்டோகூலும் அளவு. டிரான்சிஸ்டரின் சந்தியில் உள்ள மின்புலம் இந்த எலக்ட்ரான்களில் ஒரு பகுதியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இழுக்கப்பட்ட அளவு, அந்தக் கணுவின் நிலையை மாற்றத் தேவையான குறைந்தபட்ச அளவைத் தாண்டினால் பிட் புரளும். அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மாறுநிலை மின்னூட்டம் என்று பெயர்.

இப்படி நேரும் பிழையில் சில்லுக்குச் சேதம் எதுவும் இல்லை. அடுத்த முறை அந்த இடத்தில் எழுதினால் சரியான மதிப்பு பதியும். அதனால்தான் இது மென்பிழை எனப்படுகிறது. சில்லையே நிரந்தரமாகக் கெடுப்பது வன்பிழை. ஆனால் மென்பிழையின் விளைவு மென்மையாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குக் கூடுதலாக 4,096 வாக்குகள் பதிவாகியிருந்தன. 4,096 என்பது 2-இன் 12-ஆவது அடுக்கு, அதாவது இரும எண்ணில் ஒரே ஓர் இடம் 0-இலிருந்து 1-ஆக மாறினால் கிடைக்கும் வேறுபாடு. மென்பொருளில் தவறு எதுவும் அகப்படாத நிலையில், ஒரு பிட் தானாகப் புரண்டதே காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பெறக்கூடிய அளவைவிட அதிக வாக்குகள் கணக்கில் வந்ததால்தான் அந்தப் பிழை கண்ணில் பட்டது. அதுவே இன்னும் சிறிய இலக்கத்தில் நேர்ந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

துகள்கள் வரும் வழிகள்

1. சில்லின் பொதிப்பொருள். 1978-இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மர்ரே உட்ஸ் இருவரும், கணினியின் முதன்மை நினைவகமாகப் பயன்படும் டிரேம் சில்லுகளில் தோன்றிய விளங்காத பிழைகளுக்குக் காரணம் பொதிப்பொருளில் சுவடளவில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே என்று காட்டினார்கள். 1980-களில் ஐபிஎம் நிறுவனத்திலும் இதுபோன்ற ஒன்று நேர்ந்தது. அங்கே பிழைகளின் மூலத்தைத் தேடிப் போனபோது, அது உற்பத்தியில் பயன்பட்ட அமிலத்தின் குப்பிகளைத் தூய்மை செய்யும் இயந்திரத்தில் இருந்த பொலோனியம்-210-இல் போய் முடிந்தது. அன்று முதல் பொதிப்பொருள், பற்றாசு, வேதிப்பொருள்கள் எல்லாவற்றின் ஆல்ஃபா உமிழ்வும் அளந்து கட்டுப்படுத்தப்படுகிறது.

2. அண்டக்கதிர் நியூட்ரான்கள். விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் புரோட்டான்களும் கனமான அணுக்கருக்களும் வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது நியூட்ரான்கள் பிறக்கின்றன. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆயினும் அது ஒரு சிலிக்கான் அணுக்கருவில் மோதினால், தெறித்து வரும் துண்டுகள் அடர்த்தியான மின்னூட்டத் தடத்தை உண்டாக்கும். நியூயார்க்கின் கடல்மட்டத்தை அளவுகோலாகக் கொண்டால், 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்குச் சுமார் 13 வீதம் பாய்கின்றன. பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் இது சில நூறு மடங்காகிறது. சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களிலும் இந்தப் பாயம், அதாவது துகள்களின் வரத்து, நிற்பதில்லை. சூரியப் புயல் அதன் மேல் கூடுதலாக வந்து சேர்வது மட்டுமே.

3. வேகம் குறைந்த வெப்ப நியூட்ரான்கள். இவை போரான்-10 ஐசோடோப்பால் எளிதில் விழுங்கப்படும். விழுங்கியவுடன் அந்த அணுக்கரு ஓர் ஆல்ஃபா துகளாகவும் லித்தியமாகவும் பிளக்கும். ஒரு காலத்தில் சில்லின் மின்காப்புக் கண்ணாடி அடுக்கில் போரான் கலந்திருந்தது. அந்தக் கண்ணாடியைக் கைவிட்டதும் பிழை விகிதம் பெரிதும் இறங்கியது.

4. நேரடியாக அயனியாக்கும் இலேசான துகள்கள். குறைந்த ஆற்றல் புரோட்டான்களும் மியூயான்களும் இவற்றில் சேரும். பழைய சில்லுகளுக்கு இவற்றால் எந்தத் தீங்கும் இல்லை. அவை விடும் மின்னூட்டம் அவ்வளவு சொற்பம். சில்லுகளின் உற்பத்தித் தலைமுறை 65 நானோமீட்டரை (இந்த எண் சிறுக்கச் சிறுக்க டிரான்சிஸ்டரும் சிறியது) எட்டிய காலத்தில்தான் இவையும் பிட்களைப் புரட்ட முடியும் என்று சோதனைகளில் தெரியவந்தது. முற்றிலும் சிறுத்தலாலேயே பிறந்த ஆபத்து என்று சொல்லத்தக்கது இது.

ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு போக்குகள்

ஒரு நினைவகச் செல்லின் பிழை விகிதத்தை மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன: துகள் பாயம், துகள் படக்கூடிய உணர்திறன் பரப்பு, மாறுநிலை மின்னூட்டம். முதல் இரண்டுடன் விகிதம் நேராக உயரும். மூன்றாவதுடன் உள்ள உறவோ அடுக்குக்குறி வகைப்பட்டது: மாறுநிலை மின்னூட்டம் சிறிது குறைந்தாலும் விகிதம் தாவி ஏறும். எவ்வளவு தாவும் என்பது, அந்தக் கணு தடத்திலிருந்து எவ்வளவு மின்னூட்டத்தைச் சேகரிக்கிறது என்பதைப் பொறுத்தது. துகள் பாயம் நம் கையில் இல்லை. மீதியிருப்பவற்றில்தான் சிறுத்தல் கைவைக்கிறது.

ஒரு தலைமுறையில் நீளமும் அகலமும் 0.7 மடங்காகின்றன என்று கொள்வோம். பரப்பு பாதியாகும், துகள் படும் வாய்ப்பும் பாதியாகும். இது நன்மை. அதே வேளையில் கணுவின் மின்தேக்குத்திறன் 0.7 மடங்காகும். மின்னழுத்தமும் அதே அளவு குறைக்கப்பட்டால், இரண்டின் பெருக்கமான மின்னூட்டம் பாதியாகும். இது தீமை, அதுவும் அடுக்குக்குறியாகப் பெருகும் தீமை. மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 3.3, 1.8, 1.2 என்று படிப்படியாக இறங்கிய ஆண்டுகளில் செயலிக்குள்ளேயே அமையும் வேக நினைவகமான எஸ்ரேமின் ஒவ்வொரு பிட்டும் முன்பைவிட எளிதில் புரளக்கூடியதாக ஆனது. சிறுத்தல் ஆபத்தானது என்ற பொதுக்கருத்து அந்தக் காலத்தின் சொத்து.

பிறகு நிலைமை மாறியது. டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் தாங்க முடியாத அளவுக்கு உயரும் என்பதால், மின்னழுத்தத்தை ஏறத்தாழ 1 வோல்ட்டுக்குக் கீழே வேகமாக இறக்க இயலவில்லை. மாறுநிலை மின்னூட்டத்தின் வீழ்ச்சி மெதுவானது, பரப்போ தொடர்ந்து பாதியாகிக்கொண்டே இருந்தது. தராசு மறுபக்கம் சாய்ந்தது. 130, 90 நானோமீட்டர் தலைமுறைகளை ஒட்டி உச்சத்தைத் தொட்ட எஸ்ரேமின் பிட் வாரியான பிழை விகிதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது. கதிர்வீச்சை நோக்கமாகக் கொண்டு யாரும் செய்த மாற்றம் அல்ல இது. மின்னழுத்தத்தைக் குறைக்க முடியாமல் போன தடையே இந்தப் பக்கத்தில் நன்மையாக முடிந்தது.

டிரேமின் கதை இன்னும் தெளிவானது. அதன் செல்லில் உள்ள மின்தேக்கி, படிக்கத்தக்க சைகை தர வேண்டும் என்பதற்காக, தலைமுறை தலைமுறையாகக் கிட்டத்தட்ட ஒரே மின்தேக்குத்திறனுடன் வைக்கப்பட்டு வந்தது. ஆழமான குழிகளாகவும் உயரமான தூண்களாகவும் அதை வடித்துப் பரப்பை மட்டும் குறைத்தார்கள். மாறுநிலை மின்னூட்டம் பெரிதாகச் சரியாமல் பரப்பு மட்டும் சுருங்கியதால், 1978-இல் இந்த ஆய்வுத் துறையைத் தொடங்கிவைத்த டிரேம் செல், பின்னாளில் ஒரு பிட்டுக்கான கணக்கில் எஸ்ரேமைவிடப் பன்மடங்கு உறுதியானதாக மாறியது.

துடுப்பு வடிவ டிரான்சிஸ்டர்: உள்ளே சென்று பார்த்தால்

22 நானோமீட்டர் தலைமுறையில் இன்டெல் கொண்டுவந்த ஃபின்ஃபெட் வடிவம், மென்பிழை வரலாற்றில் ஒரு திருப்பம். எப்படி என்று எண்களைக் கொண்டே பார்க்கலாம்.

ஒரு மைக்ரோமீட்டருக்கு 10 ஃபெம்டோகூலும் மின்னூட்டம் விட்டுச்செல்லும் ஆல்ஃபா துகள் ஒன்று செங்குத்தாக இறங்குவதாகக் கொள்வோம். பழைய தட்டை டிரான்சிஸ்டரில் சந்தியின் அடியில் அடித்தளச் சிலிக்கான் தடையின்றி விரிந்து கிடக்கிறது. மின்புலம் அந்தத் தடத்தினூடாகக் கீழ்நோக்கிப் புனல்போல் நீண்டு, ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து எலக்ட்ரான்களை உறிஞ்சிவிடும். சேர்வது 10 ஃபெம்டோகூலும், சில வேளைகளில் அதற்கும் மேல். அத்தகைய எஸ்ரேம் செல்லின் மாறுநிலை மின்னூட்டம் ஓரிரு ஃபெம்டோகூலும்தான் என்றால் பிட் புரள்வது உறுதி.

ஃபின்ஃபெட்டில் மின்னோட்டம் ஓடும் சிலிக்கான், அடித்தளத்திலிருந்து எழுந்து நிற்கும் மெல்லிய துடுப்பு. முதல் தலைமுறையில் அதன் உயரம் சுமார் 34 நானோமீட்டர், தடிமன் 8 நானோமீட்டர் அளவு. அந்த 34 நானோமீட்டர் பாதையில் துகள் விடுவது 0.34 ஃபெம்டோகூலும் மட்டுமே. மீதி முழுவதும் அடித்தளத்தில் விழுகிறது. அடித்தளத்திற்கும் துடுப்புக்கும் இடையே உள்ள கழுத்து குறுகியது என்பதால் அங்கிருந்து ஏறிவருவது சிறு பகுதியே. மாறுநிலை மின்னூட்டம் தானும் குறைந்திருந்தபோதிலும், சேகரிப்பு அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டது. ஆகவே 32 நானோமீட்டர் தட்டை டிரான்சிஸ்டரோடு ஒப்பிடுகையில் மென்பிழை விகிதம் கணிசமாக இறங்கியது. அடித்தளத்தையே மின்காப்பு அடுக்கால் துண்டித்துவிடும் எஸ்ஓஐ சில்லுகளும் இதே தத்துவத்தில்தான் காப்பு பெறுகின்றன.

பிட் பாதுகாப்பாக இருந்தும் சில்லு ஏன் பாதுகாப்பாக இல்லை

பிழை விகிதத்தை ஃபிட் என்ற அலகில் சொல்வது வழக்கம். நூறு கோடி மணிநேரத்தில் ஒரு பிழை என்பது 1 ஃபிட். கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக மட்டும் இரண்டு சில்லுகளை எடுத்துக்கொள்வோம்.

பழைய சில்லில் 8 மெகாபிட் உள்நினைவகம். ஒரு மெகாபிட்டுக்கு 1,000 ஃபிட். மொத்தம் 8,000 ஃபிட், அதாவது சுமார் 14 ஆண்டுகளுக்கு ஒரு பிழை. புதிய சில்லில் மெகாபிட்டுக்கு 200 ஃபிட் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் உள்நினைவகம் 512 மெகாபிட். மொத்தம் 1,02,400 ஃபிட், அதாவது 13 மாதங்களுக்கு ஒரு பிழை. ஒவ்வொரு பிட்டும் ஐந்து மடங்கு உறுதியாகியும் சில்லு பன்னிரண்டு மடங்குக்கு மேல் பிழைபடுகிறது. இப்படிப்பட்ட 10,000 சில்லுகள் ஒரு தரவு மையத்தில் இயங்கினால், சராசரியாக ஒவ்வொரு மணிக்கும் எங்கோ ஒரு பிட் புரளும்.

ஒரு மடிக்கணினி வைத்திருப்பவர் வாழ்நாளில் ஒருமுறைகூட உணராத நிகழ்வு, பெரிய அமைப்புகளை நடத்துபவருக்கு அன்றாடப் பொறியியல் சிக்கலாவது இதனால்தான். “நவீனச் சில்லுகள் கதிர்வீச்சைத் தாங்கும்”, “நவீனச் சில்லுகள் கதிர்வீச்சில் விழும்” என்ற இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவதும் இதனாலேயே. எந்த அறிக்கையைப் படித்தாலும், தரப்பட்ட எண் ஒரு பிட்டுக்கானதா ஒரு சில்லுக்கானதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

ஒரே அடியில் பல பிட்கள்

எண்ணிக்கையைவிடவும் என் பார்வையில் கவலைக்குரிய மாற்றம் பிழையின் வடிவத்தில் நிகழ்ந்துள்ளது. துகள் விடும் தடத்தின் அகலமும், நியூட்ரான் மோதலில் தெறிக்கும் துண்டுகளின் வீச்சும் இயற்பியல் விதித்தவை. தொழில்நுட்பம் முன்னேறியதால் அவை சிறுக்கப் போவதில்லை. செல்கள் மட்டுமே சிறுத்து நெருங்குகின்றன. முன்பு ஒரு செல்லுக்குள் அடங்கிய பாதிப்பு, இன்று அடுத்தடுத்த பல செல்களைத் தழுவுகிறது. மொத்த நிகழ்வுகளில் பல பிட்களைச் சேர்த்துப் புரட்டுபவற்றின் பங்கு தலைமுறைதோறும் வளர்ந்து வந்திருக்கிறது.

இதன் முக்கியத்துவம் பிழைதிருத்தக் குறியீட்டைப் புரிந்துகொண்டால் விளங்கும். 64 பிட் தரவுடன் 8 சரிபார்ப்புப் பிட்களைச் சேர்த்து வைக்கும் வழக்கமான முறை, ஒரு பிட் தவறினால் திருத்தும். இரண்டு தவறினால் தவறு என்று அறிவிக்கும். மூன்று தவறினாலோ எந்த உறுதியும் இல்லை. திருத்துவதாக எண்ணி நல்ல பிட்டையும் கெடுத்துவிடக்கூடும். எனவே ஒரே சொல்லைச் சேர்ந்த, அதாவது ஒன்றாகச் சரிபார்க்கப்படும் ஒரே தொகுதியைச் சேர்ந்த, பிட்களை அருகருகே வைக்காமல், இடையில் வேறு சொற்களின் பிட்களை இட்டு, தள்ளித் தள்ளி அமைக்கிறார்கள். அப்போது அண்டையில் உள்ள நான்கு செல்கள் ஒருசேரப் புரண்டாலும், அது நான்கு வெவ்வேறு சொற்களில் தலா ஒரு பிழையாகப் பிரிந்து, நான்குமே திருத்தப்பட்டுவிடும். செல்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு அகலமாக இந்த இடைவெளியையும் விரிக்க வேண்டும். அதற்கான விலை மின்செலவிலும் வேகத்திலும் கொடுக்கப்படுகிறது.

நினைவகத்திற்கு வெளியே, கணக்கிடும் தருக்கச் சுற்றுகளில், துகள் உண்டாக்குவது ஒரு குறுகிய மின்துடிப்பு. அது வழியில் மங்கிப்போகலாம், தருக்கத்தால் தடுக்கப்படலாம், பதிவகம் (கணக்கின் விடையைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் பகுதி) மதிப்பைப் பிடிக்கும் நொடித்துணுக்கில் வந்து சேராமல் தப்பலாம். சுற்றின் கடிகார அதிர்வெண் ஏற ஏற, பதிவகம் மதிப்பைப் பிடிக்கும் தருணங்கள் அடிக்கடி வருவதால், இந்த மூன்றாவது தப்பிக்கும் வழி ஒடுங்குகிறது. தருக்கச் சுற்றுகளுக்குப் பிழைதிருத்தக் குறியீடு எளிதில் பொருந்தாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரே சுற்றை மூன்றாக அமைத்துப் பெரும்பான்மை விடையை ஏற்கும் முறையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அதற்கு மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பரப்பும் மின்சக்தியும் செலவாகும்.

சிறுத்தலால் தணிந்த இரண்டு தீமைகள்

1. திரள் அளவுப் பாதிப்பு. நீண்ட காலம் கதிர்வீச்சில் இருந்தால் டிரான்சிஸ்டரை இயக்கி நிறுத்தும் கேட் முனையின் அடியில் உள்ள ஆக்சைடு அடுக்கில் துளைகள் சிக்கித் தேங்கி, அது இயங்கத் தொடங்கும் மின்னழுத்தத்தையே நகர்த்திவிடும். ஆக்சைடு சில நானோமீட்டராக மெலிந்ததும் சிக்கிய துளைகள் ஊடுருவி வெளியேறிவிடுகின்றன. டிரான்சிஸ்டர்களைப் பிரிக்கும் தடித்த மின்காப்பு ஆக்சைடுகளில் மட்டும் இந்தத் தொல்லை இன்னும் நீடிக்கிறது.

2. பூட்டுநிலை. அருகருகே அமைந்த எதிர்வகைப் பகுதிகள் சேர்ந்து எண்ணாத இணைப்பொன்றை உண்டாக்கி, ஒரு துகளின் தூண்டலால் பெருமின்னோட்டம் பாய்ந்து சில்லையே எரிக்கக்கூடும். மின்னழுத்தம் 1 வோல்ட்டை நெருங்கியபின், அந்த மின்னோட்டத்தைத் தாங்கி நிறுத்தும் அளவுக்குச் சுற்றின் மையப்பகுதியில் அழுத்தம் இருப்பது அரிது. வெளி இணைப்புகளை இயக்கும் உயர் மின்னழுத்தப் பகுதிகளில் மட்டும் எச்சரிக்கை தேவை.

விண்வெளியில் இரு வழிகள்

செவ்வாயில் 2021-இல் தரையிறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியை இயக்குவது ஆர்ஏடி750 என்ற, கதிர்வீச்சைத் தாங்குமாறு தனித்து வடிக்கப்பட்ட பழைய தலைமுறைச் செயலி; அதன் கடிகார வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் அளவே. அந்த ஊர்தி சுமந்து சென்ற இன்ஜெனுவிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரில் இருந்ததோ கைப்பேசிக்காக வடிக்கப்பட்ட 28 நானோமீட்டர் ஸ்னாப்டிராகன் 801. அது 72 முறை பறந்தது. ஒன்றில் செயலியே உறுதியானது. மற்றதில் செயலி எந்நேரமும் தவறலாம் என்று ஏற்றுக்கொண்டு, தவறினால் உடனே மீட்டெடுக்கும் ஏற்பாடு சுற்றிலும் அமைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது வழியின் அடிப்படை, சனிக்கோளுக்கு அனுப்பப்பட்ட காசினி விண்கலத்திலேயே நன்கு தெரிந்தது. 1997 அக்டோபரில் ஏவப்பட்ட அதன் திண்ம நினைவகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 280 ஒற்றைப் பிட் பிழைகள் பதிவாகிக்கொண்டிருந்தன. நவம்பர் 6-ஆம் நாள், ஒரு சூரிய நிகழ்வின்போது, அந்த எண்ணிக்கை நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பிழைதிருத்தம் அவற்றைக் களைந்துகொண்டே இருந்ததால் கலம் தன் பணியைத் தொடர்ந்தது. நினைவகம் முழுவதையும் குறித்த இடைவெளியில் படித்து, திருத்தி, மீண்டும் எழுதுவது இங்கே இன்றியமையாதது. இல்லாவிட்டால் ஒரே சொல்லில் இரண்டாவது பிழையும் வந்து சேர்ந்து, திருத்த முடியாததாகிவிடும்.

வன்பொருளில் நேரும் பிழைக்கு மென்பொருள் மாற்றம் எப்படித் தீர்வாகும் என்று ஏர்பஸ் செய்தியைப் படித்துக் குழம்பியவர்களுக்கும் பொதுவான விடை இதில் இருக்கிறது. துகள் பிட்டைப் புரட்டுவதை எந்த மென்பொருளும் தடுக்காது. புரண்ட மதிப்பு எவ்வளவு நேரம் நிலைக்கிறது, எத்தனை முறை சரிபார்க்கப்படுகிறது, பொருந்தாத மதிப்பு வந்தால் அதை ஏற்பதா தள்ளுவதா என்பவற்றை எல்லாம் மென்பொருளே முடிவு செய்கிறது. ஆகவே ஒரே சில்லு, ஒரே கதிர்வீச்சு, வேறு மென்பொருள் என்றால் விளைவும் வேறாகலாம்.

இனி கவனிக்க வேண்டியது மின்னழுத்தத்தை

ஃபின்ஃபெட்டுக்கு அடுத்து, கேட் நாற்புறமும் சூழ்ந்த மெல்லிய தகடுகளாலான டிரான்சிஸ்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. துகள் விடும் மின்னூட்டத்தில் அவை சேகரிக்கும் பங்கு சிறியதாகவே இருக்கும் என எதிர்பார்ப்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஆனால் சேகரிப்பு குறைவதால் கிடைக்கும் இந்த ஆதாயத்தை மின்சிக்கனம் தின்றுவிடக்கூடும். மின்கலனில் இயங்கும் கருவிகளும் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளும் ஓய்வில் இருக்கும்போது, நினைவகத்தின் மின்னழுத்தத்தைத் தரவு அழியாத எல்லைவரை இறக்குகின்றன. மாறுநிலை மின்னூட்டம் மின்னழுத்தத்தோடு சேர்ந்தே இறங்கும் என்பதால், அந்த ஓய்வு நிலையில்தான் பிட் மிகவும் தளர்ந்து கிடக்கிறது. கார்களின் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலைக்கு ஐஎஸ்ஓ 26262 தரநிலை, கண்டறியப்படாமல் ஆபத்தில் முடியும் வன்பொருள் பழுதுகளுக்கு 10 ஃபிட்டுக்கும் குறைவான இலக்கையே வைக்கிறது. காப்பு இல்லாத சில நூறு கிலோபிட் எஸ்ரேம் மட்டுமே அந்த ஒதுக்கீட்டை முழுவதும் விழுங்கிவிடும்.

இந்த விகிதங்களைக் கணினிப் பாவனையால் மட்டும் நம்பிக்கையோடு சொல்லிவிட முடியாது. லாஸ் அலமோஸ், கனடாவின் டிரையம்ஃப், பிரிட்டனின் ஐசிஸ் போன்ற முடுக்கி மையங்களில், இயற்கையில் பல ஆண்டுகளில் படும் நியூட்ரான்களைச் சில மணிநேரத்தில் சில்லின் மேல் பாய்ச்சி அளக்கிறார்கள். ஒரு தலைமுறையில் அளந்த எண்ணை அடுத்த தலைமுறைக்கு அப்படியே எடுத்துச்செல்ல இயலாது என்பதை ஃபின்ஃபெட்டே காட்டிவிட்டது. ஒரே தலைமுறைக்குள்ளும், 0.8 வோல்ட்டில் அளந்த எண் 0.5 வோல்ட்டில் செல்லாது. ஒரு சில்லின் பிழை விகிதம் இவ்வளவு என்று ஓர் உற்பத்தியாளர் அறிவிக்கும்போது, எந்த மின்னழுத்தத்தில், எந்த வகைத் துகளால், பல பிட் நிகழ்வுகளையும் சேர்த்தா விட்டா என்ற மூன்றையும் கேட்டறிந்த பிறகே அந்த எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியும்.